வெலோட்ரோம் இல்லாத ஊரிலிருந்து

சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் என் அப்பா 26 வருடம் வேலை பார்த்தார். கடனுக்குச் சாமான் வாங்கிப் போகிறவர்களின் கணக்கை எழுதும் சின்ன 555 நோட்டுகள் எங்கள் வீட்டு மேசை இழுப்பறையிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். 2009இல், எனக்குப் பதினாறு வயது, சைக்கிள் பந்தயத்தில் இறங்கப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு அப்பா திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு புது நோட்டை எடுத்துக் கொடுத்தார். "எவ்வளவு மிதிச்சே, என்ன சாப்பிட்டே, எத்தனை மணிக்குப் படுத்தே, எல்லாத்தையும் எழுது. எழுதாத கணக்கு நம்மள ஏமாத்திடும்பா" என்றார்.

பதினாலு வருடத்தில் 37 நோட்டுகள் சேர்ந்தன. 2023இல் பந்தயத்தை விட்ட பிறகு அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைத்திருந்தேன். இப்போது வாரக் கடைசியில் பிள்ளைகள் சிலருக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களுடைய அப்பா அம்மாக்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், டின்னைத் திறந்துவைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி எப்போதும் பணம்தான். சிங்கப்பூர்ப் பிள்ளை ஒருவர் சைக்கிளோட்டத்தைத் தொழிலாகச் செய்ய முடியுமா? முடியும். நான் ஏழு பருவம் செய்தேன். ஆனால் தொலைக்காட்சியில் டூர் டி பிரான்ஸ் பார்த்துவிட்டு, அங்கே ஓட்டுகிறவர்களின் சம்பளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. ஆண்கள் சாலைப் பந்தயத்தில் அணிகள் மூன்று தட்டாக இருக்கின்றன. மேலே வேர்ல்ட் டூர், அடுத்து புரோ டீம், அதற்கும் கீழே கான்டினென்டல். மேல் இரண்டு தட்டுக்கும் அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கமான யூசிஐ குறைந்தபட்சச் சம்பளம் வைத்திருக்கிறது. கான்டினென்டலுக்கு அப்படி ஒன்று கிடையாது, அணியும் ஓட்டுகிறவரும் பேசி முடிப்பதுதான். நம் வட்டாரத்தில் இருந்துகொண்டு நமக்குக் கிடைக்கக்கூடிய இடம் பெரும்பாலும் அந்தக் கடைசித் தட்டு.

2016இல் நான் கையெழுத்திட்ட முதல் ஒப்பந்தம் மாதம் 900 வெள்ளி, பத்து மாதத்துக்கு. தங்குமிடமும் சாப்பாடும் அணியின் பொறுப்பு. அன்று இரவு அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சேம நிதியில போடுவாங்களா?" வெளிநாட்டு அணி, போடமாட்டார்கள். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. முப்பது வயதில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கு விண்ணப்பிக்க மனைவியோடு உட்கார்ந்தபோதுதான், கூடப் படித்த நண்பர்களின் மத்திய சேம நிதிக் கணக்குக்கும் என்னுடையதற்கும் இருந்த இடைவெளி தெரிந்தது. அதனால் பெற்றோர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: முதல் மாதத்திலிருந்தே, நூறு வெள்ளியானாலும், பிள்ளை தானாகச் சேம நிதியில் போட்டுவரட்டும். இரண்டாவது, ஒப்பந்தத்தில் சம்பளம் எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். என்னுடைய அணி ஒன்று மூன்று மாதம் சம்பளம் தராமல் இழுத்தது. கேட்டால் ஸ்பான்சர் பணம் வரவில்லை என்றார்கள். எழுத்தில் தேதி இல்லாததால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பரிசுப் பணத்தை நம்பியும் இருக்க முடியாது. அணியில் யார் ஜெயித்தாலும் பணம் பொதுவில் போய், ஓட்டியவர்களுக்கும் மெக்கானிக், மசாஜ் செய்கிறவர் எல்லாருக்கும் பங்காகத்தான் வரும். அது நியாயமான வழக்கம், அதை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். ஜெயித்தவனுக்குக் காற்றை மறைத்து முன்னால் ஓட்டியவர்கள் ஆறு பேர் இருப்பார்கள்.

பந்தயம் இல்லாத இரண்டு மாதம் நான் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். கடைக்கார அங்கிள் சக்கரம் கோக்க, பேரிங் மாற்ற, எல்லாம் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கு என் குடும்பம் நடப்பது அந்தக் கைத்தொழிலால்.

கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்து 2013இல் உள்ளே போனேன், 2015இல் வெளியே வந்தேன். பந்தயத்துக்காகத் தள்ளிப்போட அனுமதி கிடைப்பது மிக அரிது, அதை எதிர்பார்த்துத் திட்டம் போடாதீர்கள். அந்த இரண்டு வருட நோட்டில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கிறது. முதல் ஆறு மாதம் சனிக்கிழமை முகாமிலிருந்து புக் அவுட் ஆனதும் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று மெதுவாக ஓட்டித் தீர்த்தேன். வேகம் மளமளவென்று இறங்கியது. பிறகு ஒரு மூத்த சைக்கிளோட்டி சொன்னபடி, வாரத்துக்கு இரண்டே தடவை, ஒவ்வொன்றும் 50 நிமிடம், அதற்குள் மூன்று நிமிட முழு முயற்சி ஐந்து முறை என்று மாற்றினேன். இழந்ததில் பெரும்பகுதி திரும்பி வந்தது. நேரம் குறைவாக இருக்கும்போது தூரத்தை விடலாம், கடுமையை விடக் கூடாது.

இனி நான் எழுத ஆசைப்பட்ட இடத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் 250 மீட்டர் மரப்பலகை வெலோட்ரோம், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய வட்டத் தடம், கிடையாது. 2015இல் தென்கிழக்காசிய விளையாட்டுகளை நாமே நடத்தினோம், அப்போதும் டிராக் பந்தயங்கள் இடம்பெறவில்லை. 2017இல் மலேசியாவின் நெகிரி செம்பிலானில், நீலாயில், கூரை போட்ட வெலோட்ரோம் திறந்தார்கள். அந்த வருட விளையாட்டுகளின் டிராக் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. ஜோகூர் பாருவிலிருந்து வடக்கே சுமார் 300 கிலோமீட்டர். எல்லையில் இருக்கும் ஜோகூர் கடற்பால நெரிசலைச் சேர்த்தால் போக ஐந்து மணி நேரம்கூட ஆகும். என் டிராக் வாழ்க்கை முழுவதும் அந்தச் சாலையில்தான் நடந்தது.

முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் மர வாசனை, புது அலமாரியைத் திறந்தால் வருமே அது. வளைவின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தரை சுவராக எழுந்து நிற்கிறது, 40 டிகிரிக்கு மேல் சாய்வு. கையை நீட்டினால் முகத்துக்கு நேரே பலகை படுகிறது. டிராக் சைக்கிளில் பிரேக் இல்லை, ஃப்ரீவீலும் இல்லை. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். என் பயிற்றுவிப்பாளர் ஒரு மலாய்க்காரர், நாங்கள் எல்லாரும் பாங், அண்ணன், என்று கூப்பிடுவோம். சாலையில் எதற்கெடுத்தாலும் "பெலான்-பெலான்" (மலாயில் மெதுவாக) என்பவர், அன்றைக்கு என் இருக்கையைப் பிடித்துக்கொண்டு வேறு மாதிரி பேசினார். "இங்கே மெதுவாகப் போனால்தான் விழுவாய். வளைவுக்குள் பயந்து மிதிப்பதை நிறுத்தாதே. நிறுத்தினால் பெடல் உன்னைத் தூக்கிப் போடும்."

நான் நிறுத்தினேன். மூன்றாவது சுற்றில், வளைவின் நடுவில், கால் தன்னால் ஓய்ந்தது. பின்சக்கரம் ஒரு உதை உதைத்து மேலே தூக்க, டயர் வழுக்கி, சரிவின் மேலே வரைந்த நீலக் கோட்டிலிருந்து அடிவரை பலகையில் தேய்ந்துகொண்டே இறங்கினேன். முழங்கைக்குக் கீழே தீக்குச்சி நீளத்தில் ஒரு சிம்பு ஏறியிருந்தது. நகத்தால் பிடுங்கப் போன என் கையை பாங் தட்டிவிட்டார். கழுவும் தொட்டியில் சோப்புப் போட்டுக் கழுவி, சிம்பு நுழைந்த திசைக்கே நேராகச் சாமணத்தால் மெல்ல இழுத்தார். பக்கவாட்டில் இழுத்தால் உள்ளே முறிந்துவிடும். வேலை முடிந்ததும் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டாய் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டிராக்கில் இறங்குவதற்கு முன் அந்த ஊசிக் கணக்கைப் பார்த்துவையுங்கள். மலேசியாவின் டிராக் வீரர் அஸிஸுல்ஹஸ்னி அவாங்குக்கு 2011இல் மான்செஸ்டரில் ஒரு சிம்பு கெண்டைக்காலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. அப்படியிருந்தும் எழுந்து ஓட்டி அந்தப் பந்தயத்தை முடித்தார். பிறகு கெய்ரின் என்ற டிராக் பந்தயத்தில் 2017இல் உலக வெற்றியாளர், ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், தோக்கியோவில் வெள்ளி. அவர் ஊர் வெலோட்ரோமில் நானும் விழுந்து எழுந்ததை நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

டிராக்கில் எனக்குப் பிடித்தது புள்ளிப் பந்தயம். 25 கிலோமீட்டர் என்றால் 100 சுற்று. பத்து சுற்றுக்கு ஒருமுறை ஸ்பிரிண்ட், அதாவது கோட்டை நோக்கி முழு வேக ஓட்டம், முதல் நால்வருக்கு 5, 3, 2, 1 புள்ளிகள். கடைசி ஸ்பிரிண்டுக்கு இரட்டிப்பு. கூட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு போய் ஒரு முழுச் சுற்று முன்னேறி, கூட்டத்தின் வாலைத் தொட்டுவிட்டால் ஒரேயடியாக 20 புள்ளி. இந்தக் கணக்கை ஒரு நிமிடம் மனத்தில் போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்பிரிண்டை முதலாவதாக ஜெயித்தால் வருவதும் 20, ஒரு சுற்று முன்னேறினால் வருவதும் 20.

என் முதல் புள்ளிப் பந்தயத்தின் நோட்டுப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "10: 3 புள்ளி. 20: 5. 30: 5. 40: 2. 50: 1. 60: இல்லை. 67: கூட்டத்தை விட்டேன்." ஐந்து ஸ்பிரிண்டில் 16 புள்ளி எடுத்து, முன்னணியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், 60ஆவது சுற்று தாண்டியதும் மூன்று பேர் கிளம்பினார்கள். அவர்கள் அதுவரை ஒரு புள்ளிகூட எடுத்திருக்கவில்லை. எனக்கு எழுந்து மிதிக்கக் காலில் ஒன்றுமில்லை. அவர்கள் ஒரு சுற்று ஏறினார்கள், நான் கூட்டத்தையே விட்டுவிட்டேன். அன்று மாலை அந்தப் பக்கத்தை அப்பாவுக்குத் தொலைபேசியில் படித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடை திறந்த காலையிலேயே கல்லாவக் காலி பண்ணிட்டியேப்பா" என்றார். பந்தயத்தின் விதி எதுவும் தெரியாத மனுஷர். பாங் மறுநாள் சொன்னதும் அதேதான், வேறு சொற்களில்: முதல் மூன்று ஸ்பிரிண்டை விட்டுக்கொடு, யார் மூச்சு வாங்குகிறார்கள் என்று பார், நடுப்பகுதியில் எல்லாரும் ஸ்பிரிண்ட் முடித்துத் தலையைத் தொங்கப்போடும் அந்த அரை நிமிடத்தில் கிளம்பு. பெலான்-பெலான்.

அதற்குப் பிறகு என் பயிற்சியே மாறியது. எங்கே வேகமாக ஓட்டலாம் என்பதைவிட எங்கே செலவு செய்யாமல் இருக்கலாம் என்று தேட ஆரம்பித்தேன். மற்றவர் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் நமக்குக் கால் பங்குக்கு மேல் சக்தி மிச்சம். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எத்தனை செண்டிமீட்டரில் ஒட்டுகிறோம், காற்று எந்தப் பக்கம் வருகிறது, யாருடைய சக்கரம் என்று பார்த்து ஒட்டுகிறவர்கள் குறைவு. உயரமானவர் பின்னால் நின்றால் மறைவு அதிகம். திடீர் திடீரென்று விலகுகிறவர் பின்னால் நின்றால் ஒவ்வொரு முறையும் இடைவெளியை மூட நாம்தான் சக்தி கொடுக்க வேண்டும். டிராக்கில் இன்னொன்றும் உண்டு. உள்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் மேலே ஓட்டினால் சுற்றுக்குச் சுமார் ஐந்து மீட்டர் கூடும். இருபது சுற்று அப்படி ஓட்டினால் நூறு மீட்டர் வீண்.

ஆனால் எலிமினேஷன் பந்தயத்தில் அந்த ஐந்து மீட்டரைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கடைசி ஆளை வெளியேற்றுவார்கள். கடைசி யார் என்பதைப் பின்சக்கரத்தின் பின்விளிம்பை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் தூரம் மிச்சம் என்று உள்ளே கறுப்புக் கோட்டில் ஒட்டிக்கொள்வார்கள். முன்னால் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், பின்னால் ஒருவர் என்று பெட்டிக்குள் அடைபட்டதும், காலில் எவ்வளவு தெம்பு இருந்தாலும் வெளியே வர வழி இருக்காது. சிவப்புக் கோட்டுக்கு மேலே, நடுக்கூட்டத்தின் வெளிப்புறத்தில் இருந்தால் வழி எப்போதும் திறந்திருக்கும். அந்த ஐந்து மீட்டர் வீண் செலவு இல்லை, வாடகை மாதிரி கொடுக்க வேண்டியது.

டிராக்கும் சாலையும் வேறுவேறு, ஒன்றைத் தேர்ந்தெடு என்று எனக்கும் பலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2016இல் பிரிட்டனின் மார்க் கேவண்டிஷ் டூர் டி பிரான்ஸில் நான்கு கட்டங்களை ஜெயித்துவிட்டு, அதே கோடையில் ரியோ ஒலிம்பிக் போய், டிராக்கில் பல பந்தயங்களைச் சேர்த்து நடக்கும் ஆம்னியத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். தனிநபர் பர்ஸ்யூட் என்ற டிராக் பந்தயத்தில் பலமுறை உலக வெற்றியாளரான ஃபிலிப்போ கன்னாதான் 2022 அக்டோபரில் ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை வைத்தார், இத்தாலியச் சாலைப் பந்தயங்களிலும் ஜெயிக்கிறார். காரணம் சாதாரணமானது. டிராக்கில் ஒரே கியர். என்னுடையது முன்னால் 52 பல், பின்னால் 14. ஒரு மிதிக்கு ஏறத்தாழ 7.8 மீட்டர். 50 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 107 சுற்று மிதித்தே ஆக வேண்டும், கியர் மாற்றித் தப்பிக்க முடியாது. அப்படிப் பழகிய கால் சாலையில் கூட்டம் சட்டென்று வேகமெடுக்கும்போது பதறாது. 2024 நவம்பரில் கேவண்டிஷ் தன் கடைசிப் பந்தயத்தை ஓட்ட நம் ஊருக்குத்தான் வந்தார், ஜெயித்தும் விட்டார். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

சரி, சாலைக்கு வருவோம். நம் ஊரில் மலை இல்லை. ஆக உயரமான புக்கிட் தீமா 163 மீட்டர்தான். மவுண்ட் ஃபேபர், சவுத் புவனா விஸ்தா எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதல்முறை மலேசியாவின் கெந்திங் மலை ஏற்றத்தில் பத்து நிமிடம் ஆனதும் உடம்பு "முடிந்துவிட்டதல்லவா?" என்று கேட்டது. முடியவில்லை, இன்னும் எவ்வளவோ இருந்தது. நீண்ட ஏற்றத்துக்கு நான் பழகியது சாங்கியின் கடலோரச் சாலையில். கடல்காற்று எதிரே அடிக்கும் நாளில் பெரிய கியரைப் போட்டு, நிமிடத்துக்கு அறுபது சுற்றாகக் குறைத்து, இருக்கையிலிருந்து எழாமல் இருபது நிமிடம், மூன்று முறை. எதிர்காற்று மலை போலவே நடந்துகொள்ளும், இறங்கி ஓய்வு தராது. ஆனால் முழங்கால் வலி தொடங்கினால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

வடக்கே மண்டாய், லிம் சூ காங் பக்கம் விடிவதற்கு முன் ஓட்டுவோம். அந்த நேரத்தில் ஊழியர்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் போகும். ஒரு நாள் சிவப்பு விளக்கில் பக்கத்தில் நின்ற லாரியில், துண்டைத் தலையில் கட்டிய ஒரு அண்ணன் என் கறுத்த முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி தமிழா?" என்று கேட்டார். ஆமாண்ணே என்றேன். பச்சை விளக்கு விழுந்ததும் லாரியில் இருந்த அத்தனை பேரும் "மிதி தம்பி, மிதி, விடாதே!" என்று கத்திக்கொண்டே போனார்கள். அன்றைய நோட்டில் வேகம், தூரத்துக்குக் கீழே "லாரி அண்ணன்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. எத்தனையோ பந்தயத்தில் பெயர் சொல்லிக் கைதட்டியிருக்கிறார்கள், அந்தக் குரல் போல எதுவும் உள்ளே இறங்கவில்லை.

கூட்டமாக ஓட்டுகிறவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஜனவரி முதல் ஒரு குழுவின் நீளம் ஐந்து சைக்கிளைத் தாண்டக் கூடாது. இரட்டை வரிசையானால் பத்துப் பேர், ஒற்றை வரிசையானால் ஐந்து பேர். ஒற்றைத் தடச் சாலையிலும் பேருந்துத் தடம் நடப்பில் இருக்கும் நேரத்திலும் ஒற்றை வரிசைதான். அபராதம் 150 வெள்ளி. பணத்தைவிட, பின்னால் வரும் வண்டிக்காரருக்கு நம்மைக் கடக்க இடம் விடுவதுதான் நம் உயிருக்கு நல்லது. இரண்டு குழுவுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விடுங்கள்.

சாப்பாட்டில் நான் கண்டது ஒன்றுதான் புதிது. கடையில் வாங்கும் சக்தி ஜெல் நம் வெயிலில் சூடாகி, மூன்றாவது மணி நேரத்தில் தொண்டையில் இறங்காது. அம்மா வெல்லம் போட்ட பிடி கொழுக்கட்டை செய்து, வாழையிலைத் துண்டில் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தார். கடைத் தராசில் நிறுத்து ஒவ்வொன்றும் 60 கிராம். மணிக்கு இரண்டிலிருந்து மூன்று. கொஞ்சம் உப்புத் தூக்கலாக. ஜெர்சிப் பையில் உருகாது, கெடுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். அணியில் இருந்த தாய்லாந்துக்காரர் ஒருவர் தினமும் காலையில் என் பையைத்தான் முதலில் பார்ப்பார். தண்ணீருக்கும் அதே தராசு முறைதான்: ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் வெற்றுடம்போடு எடை பாருங்கள். நடுப்பகலில் ஒரு மணி நேரத்தில் எனக்கு 1.3 கிலோ குறைந்தது. எல்லாவற்றையும் குடித்து ஈடுகட்ட வயிறு இடம் தராது, ஆனால் எவ்வளவு கடன்படுகிறோம் என்று தெரிந்தால் மாலையில் நீர்மோரோ கஞ்சியோ குடித்து அடைத்துவிடலாம். ஓட்டி முடித்ததும் பிப் என்கிற சைக்கிள் கால்சட்டை ஈரமாக இருக்க, அதோடு பரோட்டாக் கடையில் உட்கார்ந்து அரட்டை அடிக்காதீர்கள். இருக்கைப் புண் அங்கேதான் பிறக்கிறது. முதலில் உடை மாற்றுங்கள், அப்புறம் பரோட்டா.

விழுந்ததைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. 2018இல் பக்கத்து நாடு ஒன்றில் நகரச் சாலைப் பந்தயம், மழை, வளைவில் வெள்ளைப் பெயிண்ட் கோடு. முன்சக்கரம் போனது, காறை எலும்பு முறிந்தது. தவறு என்னுடையது. காய்ந்த சாலைக்கு வைத்த டயர் அழுத்தத்தை மழை வந்த பிறகும் குறைக்கவில்லை. 25 மில்லிமீட்டர் டயரில் மழை என்றால் இப்போது வழக்கத்தைவிட அரை பார், சில சமயம் ஒரு பார்கூடக் குறைக்கிறேன். மருத்துவமனையில் முன்பணம் கேட்டபோதுதான் நான் எடுத்திருந்த பயணக் காப்புறுதியில் பந்தயம் சேராது என்று தெரிந்தது. சின்ன எழுத்தில் இருந்தது. அப்பா கடை முதலாளியிடம் கைமாற்று வாங்கி அனுப்பினார். பந்தயத்துக்குத் தனியாகக் காப்புறுதி எடுத்து, அதை எழுத்தில் வாங்காமல் எல்லையைத் தாண்டாதீர்கள்.

2020 மார்ச் 18இல் மலேசியா எல்லையை மூடியது. அதற்கு நாலு நாள் முன்புதான் நீலாயிலிருந்து திரும்பியிருந்தேன், அடுத்த வாரம் வருவேன் என்று என் டிராக் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு. அடுத்து அதைத் தொட்டது 2022 ஏப்ரலில், கடற்பாலம் முழுதாகத் திறந்த பிறகு. நடுவில் இருந்த இரண்டு வருடமும் வீட்டு வரவேற்பறையில், சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தி மிதிக்கும் டிரெய்னரில் மிதித்தேன். வியர்வை ஹாண்டில்பாரில் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பிடியில் சுற்றிய டேப்பை மாற்றலாமென்று பிரித்தபோது அடியில் வெள்ளைப் பொடி. துடைத்தால் அலுமினியத்தில் அரிசி அளவு ஓட்டை, விரலால் அழுத்தியதும் உள்ளே போனது. அதைப் பிடித்துக்கொண்டுதான் முந்தின வாரம் ஃபேபரிலிருந்து அறுபதில் இறங்கியிருந்தேன். நம் ஊர் ஈரத்தில், அதுவும் வீட்டுக்குள் ஓட்டுகிறவர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது டேப்பைப் பிரித்துப் பாருங்கள். நான் பயிற்சி கொடுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதை என் கையாலேயே செய்கிறேன்.

அந்த இரண்டு வருடம் என் டிராக் வாழ்க்கையை எடுத்துக்கொண்டது. 2022இல் திரும்பிப் போனபோது என்னைவிட எட்டு வயது சிறியவர்கள் வந்திருந்தார்கள். 2023இல் ஒரு பருவம் சாலையில் மட்டும் ஓட்டினேன். யாரிடமும் பெரிதாக அறிவிக்கவில்லை. 37ஆவது நோட்டில் இன்னும் பாதிப் பக்கம் காலி.

இப்போது மாதம் ஒருமுறை மூன்று பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு நீலாய் போகிறேன். காலை மூன்றரைக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி. கடப்பிதழ், சொந்தத் தலைக்கவசம், இரண்டு செட் பிப், கொழுக்கட்டை. பாகோ ஓய்விடத்தில் நின்று நாசி லெமாக் சாப்பிடுவோம். போன முறை வந்ததில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, பிரேக் இல்லாத சைக்கிளில் முதல் தடவை ஏறப் போகிறவள், சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, ஓட்டறது சரி. பிரேக் இல்லாம எப்படி நிக்கிறது?"

காலால் பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தாங்கு, அவசரப்படாதே, சைக்கிளை வளைவில் மேலே ஏற்று, ஏற்றமே வேகத்தைக் குறைத்துவிடும், அப்புறம் உள்ளே இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள் என்றேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். இரண்டு சுற்று ஆகும் என்றேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.